மாற்று இதயத்தின் சி.டி. ஸ்கேன்: நாடியைக் குறைக்காமல் டோஸைக் குறைத்த ஒரு நிகழ்வு

அந்த நோயாளி ஒரு துணிப்பையோடு வந்தார். ஆறு ஆண்டுகளின் கோப்புகள் அதற்குள் இருந்தன: பயாப்ஸி அறிக்கைகள், எக்கோ, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் எடுத்த இதய சி.டி.யின் குறுந்தகடு. குறுந்தகட்டைக் கணினியில் போட்டவுடன் நான் தேடியது கடைசியில் வரும் டோஸ் பக்கத்தைத்தான், அதாவது எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்ற குறிப்பை. ஸ்கேனின் மொத்தக் கதிர்வீச்சைச் சொல்லும் எண்ணான டி.எல்.பி. 980 என்று இருந்தது.

பிறகு படங்களைத் திறந்தேன். வழவழவென்று, ஒரு பொட்டுப் புள்ளியும் இல்லாமல் இருந்தன. மகாதமனியும் இடது தமனிகளும் பாடநூலில் அச்சிடலாம் போலத் தெரிந்தன. ஆனால் வலது இதயத் தமனியின் நடுப்பகுதி மட்டும் இரட்டைக் கோடாகக் கலங்கியிருந்தது. அந்தப் பகுதியை மதிப்பிட இயலவில்லை, ஆஞ்சியோகிராம் செய்து பார்க்கவும் என்று அறிக்கை முடிந்திருந்தது. அவர் அதையும் செய்துகொண்டிருந்தார். ஆஞ்சியோகிராம் தேவையா என்று அறியத்தான் சி.டி. எடுத்தார்கள், சி.டி.க்கான கதிர்வீச்சும், ரத்தக் குழாய்களைப் படத்தில் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தும் உடலில் போன பிறகு, ஆஞ்சியோகிராமுக்கான கதிர்வீச்சும் கான்ட்ராஸ்டும் தனியாகப் போயின.

அவ்வளவு டோஸ் கொடுத்தும் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காமல் போனது ஏன்? மறுமுறை எங்கள் மேசையில் அதே மனிதரைப் படுக்கவைத்தபோது என்ன மாற்றினோம்? இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது ஒரு தனி மனிதரின் கோப்பு அல்ல. மாற்று இதயம் பெற்றவர்களிடம் எங்கள் துறையில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே நோயாளியிடம் ஏற்றி எழுதிய கற்பித்தல் நிகழ்வு. எண்களும் அப்படியே, அந்த வகை ஸ்கேன்களில் வழக்கமாக வரும் அளவுகள்.

நோயாளி

வயது 46, ஆண், உயரம் 164 செ.மீ., எடை 58 கிலோ. இதயத் தசை தளர்ந்து விரிந்துபோகும் நோயால் ஆறு ஆண்டுகளுக்கு முன் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், மிகக் குறைந்த அளவில் பிரெட்னிசலோன் ஆகியவற்றை எடுத்துவருகிறார். கிரியாட்டினின் 1.6, அதிலிருந்து கணக்கிட்ட சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 மி.லி. ஓய்வில் நாடி 94. எக்கோவில் இதயத்தின் இயக்கம் நன்றாக இருந்தது. நெஞ்சுவலி இல்லை.

நெஞ்சுவலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. கொடையாளியின் உடலிலிருந்து இதயத்தை எடுக்கும்போது அதன் நரம்புகள் அறுபடுகின்றன. 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்டு முதல் மாற்று இதயத்தைப் பொருத்தினார். தமனியையும் சிரையையும் தைக்க அன்றே முடிந்தது. இதய நரம்புகளைத் தைத்து இணைக்கும் வழக்கம் இன்றுவரை வரவில்லை. சில ஆண்டுகளில் சிலருக்கு நரம்பு இழைகள் ஓரளவு தாமாக வளர்வது உண்டு. வளராதவர்களுக்கு, தமனி அடைபட்டாலும் வலி என்ற எச்சரிக்கை மணி ஒலிப்பதில்லை.

அடைப்போ வந்துகொண்டுதான் இருக்கிறது. மாற்று இதயத்தின் தமனிகளில் உட்சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்துக்கொண்டு போகும் நோய் அது. சாதாரண மாரடைப்பு நோயாளியிடம் காணும் கொழுப்புத் திட்டு ஓரிடத்தில் ஒருபக்கமாகத் திரளும். இது குழாய் முழுவதையும் உள்ளிருந்து நெருக்கும். பன்னாட்டு இதய, நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் பதிவேட்டின்படி முதல் ஆண்டில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடமும், ஐந்தாம் ஆண்டுக்குள் 30 விழுக்காட்டினரிடமும், பத்தாம் ஆண்டுக்குள் பாதிப் பேரிடமும் இது ஆஞ்சியோகிராமில் தென்படுகிறது. அறிகுறி எதுவும் இல்லாதவரையும் ஆண்டுதோறும் தேடிப் பார்ப்பது இதனால்தான். ஆண்டுதோறும் பார்ப்பதால்தான் டோஸ் கணக்கும் முக்கியமாகிறது.

இவர்களுக்கு டோஸ் ஏன் கூடுதல் கவலை

நெஞ்சுவலிக்காக வாழ்நாளில் ஒருமுறை இதய சி.டி. எடுப்பவரும் மாற்று இதயம் பெற்றவரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். முதல் ஆண்டிலேயே இவர்களுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பயாப்ஸிகள் நடப்பது வழக்கம். பலவும் ஆஞ்சியோகிராம் செய்யும் அறையான கேத் லேபில், எக்ஸ்ரே ஒளியின் துணையோடு. அதன் பின் ஆண்டு ஆஞ்சியோகிராம் அல்லது சி.டி. இடையில் காய்ச்சல் வந்தால் நெஞ்சு சி.டி. மேலும், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகளே தோல் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இடம் கொடுப்பவை. உடலின் காவலை நாமே தளர்த்திவைத்திருக்கும் ஒருவர் மீது, தவிர்க்கக்கூடிய கதிர்வீச்சை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றிக்கொண்டே போகும் உரிமை நமக்கு இல்லை.

டி.எல்.பி. என்பது ஸ்கேன் செய்த நீளத்தையும் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் இறங்கிய கதிர்வீச்சையும் பெருக்கி வரும் தொகை. 980 மில்லிகிரே-சென்டிமீட்டரை, உடலுக்கான பாதிப்பளவாக (மில்லிசீவர்ட்) மாற்றும் பழைய நெஞ்சுக் காரணியான 0.014-ஆல் பெருக்கினால் 13.7 மில்லிசீவர்ட் வருகிறது. இதயத்துக்கென்று பின்னர் பரிந்துரைக்கப்பட்ட 0.026-ஆல் பெருக்கினால் 25-ஐத் தாண்டுகிறது. இயற்கையான பின்னணிக் கதிர்வீச்சு உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட். எந்தக் காரணியைப் பயன்படுத்தினோம் என்று சொல்லாமல் மில்லிசீவர்ட் எண்ணை மட்டும் வீசுகிற பழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. அதனால் ஒரே ஸ்கேன் ஒருவர் வாயில் பாதியாகவும் இன்னொருவர் வாயில் இரட்டிப்பாகவும் ஆகிறது. இங்கே நான் டி.எல்.பி.யை வைத்தே ஒப்பிடுகிறேன். இயந்திரம் காட்டும் எண் அது. தவிர, மில்லிசீவர்ட் என்பது மக்கள் தொகுதிக்கென வகுத்த அளவு. இந்த மனிதருக்குப் புற்றுநோய் வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

முந்தைய ஸ்கேனில் நடந்தது என்ன

டோஸ் பக்கமும் படங்களின் தலைப்புக் குறிப்புகளும் ஏறத்தாழ முழுக் கதையையும் சொல்லிவிட்டன. 64 உணரி வரிசைகள் கொண்ட இயந்திரம். கதிர்க்குழாயின் மின்னழுத்தம் 120 கிலோவோல்ட். இதயத் துடிப்பின் எல்லாக் கட்டங்களிலும் கதிர் எரிந்துகொண்டே இருக்கும் சுருள் முறை. துடிப்பின் தேவையற்ற கட்டங்களில் மின்னோட்டத்தைத் தாழ்த்தும் வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நாடி அதிகம் என்ற பயத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்கேன் நீளம் 18 செ.மீ.

இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். 980-ஐ 18-ஆல் வகுத்தால் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 54. இந்த இதயத்துக்கு 13 செ.மீ. போதும். பைபாஸ் குழாய் ஏதும் இல்லாதவருக்குக் கழுத்தெலும்புக்குப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டிய தேவையே இல்லை. கூடுதலான அந்த 5 செ.மீ. மட்டும் 270-ஐத் தின்றிருக்கிறது. பின்னால் வரப்போகும் எங்கள் ஸ்கேனின் மொத்தத் தொகை அதில் பாதிகூட இல்லை. நீளத்தைச் சரியாகக் குறிப்பதற்குப் புதிய இயந்திரமோ புதிய மென்பொருளோ தேவைப்படாது. முதலில் எடுக்கும் வழிகாட்டிப் படத்தில் கோட்டை எங்கே இழுப்பது என்று அரை நிமிடம் யோசித்தால் போதும்.

இனி, இத்தனை டோஸுக்குப் பின்னும் வலது தமனி ஏன் கலங்கியது என்ற கேள்விக்கு வருகிறேன். படத்தைக் கெடுப்பவை இரண்டு, அவை வெவ்வேறு சாதி. ஒன்று புள்ளி இரைச்சல், அதாவது படம் மணல் தூவியது போல் இருப்பது. இது கதிர் குறைவதால் வருவது. கதிரைக் கூட்டினால் குறையும். ஆனால் விலை அதிகம்: இரைச்சலைப் பாதியாக்க டோஸை நான்கு மடங்காக்க வேண்டும். இன்னொன்று அசைவுக் கலக்கம். படம் எடுத்து முடிப்பதற்குள் தமனி நகர்ந்துவிடுவது. இதை எவ்வளவு கதிரைக் கொட்டினாலும் சரிசெய்ய முடியாது. வேகமாகச் சுழலும் இயந்திரமோ துடிப்பில் சரியான நொடித்துண்டோ இல்லாமல் அது தீராது.

வலது தமனி சராசரியாக விநாடிக்கு 70 மி.மீ. வேகத்தில் ஆடுகிறது, இடது முன் இறங்கு தமனி 22 மி.மீ. அளவில்தான். அந்த 64 வரிசை இயந்திரம் ஒரு சுற்றுக்கு 330 மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்துக்கு அரைச் சுற்று, அதாவது 165 மில்லிசெகண்டு. நாடி 60 ஆக இருந்தால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லிசெகண்டு உண்டு. இதயம் விரிந்து ஓய்ந்திருக்கும் நீண்ட இடைவெளியில் 165 தாராளமாக அடங்கும். நாடி 94 என்றால் ஒரு துடிப்புக்கு 638 மட்டுமே. இதயம் சுருங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அவ்வளவாகக் குறைவதில்லை. விரியும் நேரம்தான் வெட்டுப்படுகிறது. விரிவின் நடுவில் இருந்த அந்த அமைதி ஏறத்தாழ காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது சுருக்கத்தின் முடிவில் வரும் ஒரு சிறு நிதானம், ஏறத்தாழ 100 மில்லிசெகண்டு. 165-ஐ அதற்குள் அடைக்க முடியாது. அங்கே கொடுத்த கதிரெல்லாம் இரைச்சலைத்தான் துடைத்தது. கலக்கத்தைத் தொடவே இல்லை. அந்தப் படங்கள் வழவழப்பாக இருந்ததும் வலது தமனி தெரியாமல் போனதும் இதனால்தான்.

நாடியைக் குறைப்பதா?

வழக்கமான இதய சி.டி.யில் நாடியை 60-க்குக் கொண்டுவருவது பாதி வேலை. மெட்டோபிரலால் என்ற பீட்டா தடுப்பானைக் கொடுத்து ஒரு மணி நேரம் உட்காரவைப்போம். எங்கள் குழுவிலும் அன்று அதுதான் முதல் யோசனை. நோயாளியே குறுக்கிட்டார்: "சென்ற முறையும் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள், டாக்டர். நாடி நான்கு எண்தான் குறைந்தது. அன்று மாலை மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது."

அவர் சொன்னதற்கு உடலியல் காரணம் உண்டு. நம் இதயத்தின் தாளத்தை ஓய்வில் அடக்கி வைத்திருப்பது வேகஸ் நரம்பு. அது அறுபட்ட இதயம் தன் சொந்தத் தாளத்தில், 90-க்கும் 110-க்கும் இடையில் ஓடுகிறது. படியேறும்போது வேகத்தைக் கூட்ட நரம்பு இல்லாததால், ரத்தத்தில் கலந்துவரும் அட்ரினலினைத்தான் அது நம்பியிருக்கிறது. பீட்டா தடுப்பான் அந்தக் கடைசிப் பிடிமானத்தையும் தளர்த்துகிறது. அது மாற்று இதயத்தில் வேலையே செய்யாது என்று சிலர் சொல்வது சரியல்ல; வேலை செய்யும், ஆனால் கிடைக்கும் பயன் சிறிது, கொடுக்கும் விலை பெரிது. டில்டியாசெம் கொடுக்கலாமே என்றார் ஒரு இளம் மருத்துவர். டில்டியாசெம் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். ஏற்கனவே நொந்துபோன சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல. ஐவாபிரடின் நேரடியாக இதயத்தின் தாள முடிச்சில் வேலை செய்வதால் நரம்பில்லா இதயத்திலும் பலன் தரும். பழைய இயந்திரம் மட்டுமே உள்ள இடத்தில் இதய மருத்துவரோடு பேசி, சில நாள் முன்கூட்டியே அதைத் தொடங்குவது நியாயமான வழி.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஈசிஜி திரையை ஒரு நிமிடம் விடாமல் பார்த்தோம். 94, 94, 93, 94. மூச்சைப் பிடிக்கச் சொன்னோம், 94. மற்றவர்களுக்கு மூச்சைப் பிடித்தால் நாடி தாழும், பதற்றத்தில் ஏறும். இவருக்கு இரண்டும் இல்லை. அறுபட்ட நரம்பு எங்களுக்குச் செய்த உதவி இது: வேகமான இதயம்தான், ஆனால் கடிகாரம் போல ஓடுகிறது. அடுத்த துடிப்பு எப்போது வரும் என்பதை மில்லிசெகண்டு கணக்கில் நம்பலாம். நாடி அதிகமாக இருப்பதும் நாடி தடுமாறுவதும் வேறு வேறு சிக்கல்கள். பலர் இரண்டையும் ஒன்றாக்கி, நாடி அதிகம் என்றாலே எல்லாக் கட்டத்தையும் எடுத்துவைத்துக்கொள்வோம் என்று கதிரைத் திறந்துவிடுகிறார்கள். நரம்பு ஓரளவு மீண்டும் வளர்ந்தவர்களிடம் இந்தச் சீர் குறையலாம். ஆகவே அந்த ஒரு நிமிடத்தை ஒவ்வொரு முறையும் செலவிட வேண்டும்.

ஈசிஜியில் இன்னொரு கண்ணி உண்டு. பழைய அறுவை முறையில் நோயாளியின் சொந்த மேலறையின் ஒரு பகுதி விட்டுவைக்கப்படும். அதற்குத் தனித் தாளம் இருப்பதால் திரையில், மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் இரண்டு தெரியும். வலக் கிளைக் கடத்தல் தடையும் இவர்களிடம் சகஜம். கீழறை சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் ஆர் அலை எந்த ஈசிஜி இணைப்பில் ஓங்கித் தெரிகிறதோ அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இயந்திரம் தவறான அலையில் கதிரைத் தொடங்கிவிடும்.

எடுத்த விதம்

எங்கள் இயந்திரத்தில் இரண்டு கதிர்க்குழாய்கள். ஒரு சுற்று 250 மில்லிசெகண்டு. இரண்டு குழாய்களும் பங்கிட்டுக்கொள்வதால் கால் சுற்றுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் படம் முடிகிறது, 66 மில்லிசெகண்டு. சுருக்கத்தின் முடிவில் வரும் அந்த 100-க்குள் இது அடங்கும். முன்கூட்டியே தூண்டும் படிமுறையைத் தேர்ந்தெடுத்தோம்: ஆர் அலைக்குப் பின் குறித்த நேரத்தில் மட்டும் கதிர் எரியும், மேசை நகரும், ஒரு துடிப்பை விட்டு மீண்டும் எரியும். நான்கு படிகளில் 13 செ.மீ. முடிந்தது, ஐந்து விநாடிக்குள்.

எந்த நேரத்தில் எரிய வேண்டும் என்பதில்தான் அறைக்குள் விவாதம் நீண்டது. எங்கள் மூத்த தொழில்நுட்பர், பல ஆயிரம் ஸ்கேன் எடுத்தவர், துடிப்பின் 30 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஜன்னலைத் திறந்துவைப்போம் என்றார். 638-இல் அது ஏறத்தாழ 320 மில்லிசெகண்டு. "சுருக்கத்தில் சரியாக வராவிட்டால் விரிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், டாக்டர், மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டியதில்லை." அவர் கவலை நியாயமானது. ஆனால் 94 நாடியில் விரிவுக் கட்டத்தில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அங்கே அமைதி இல்லை என்று முன்பே தெரியும். பயன்படாது என்று தெரிந்த கட்டத்துக்காக நோயாளியின் உடலில் கதிரைச் செலுத்துவது காப்பீடு ஆகாது. ஆர் அலைக்குப் பின் 220 முதல் 320 மில்லிசெகண்டு வரை என்று குறித்தோம். விழுக்காட்டை விட மில்லிசெகண்டில் குறிப்பது இவர்களுக்குப் பொருந்தும். சுருக்கத்தின் நீளம் நாடியோடு அவ்வளவாக மாறுவதில்லை. ஜன்னலை இப்படி ஒடுக்கியதில் ஒவ்வொரு படியிலும் கதிர் எரியும் நேரம் பாதிக்கும் கீழே போனது.

அடுத்து மின்னழுத்தம். 58 கிலோ எடைக்கு 80 கிலோவோல்ட். மின்னழுத்தத்தை 120-லிருந்து 80-க்கு இறக்கி மின்னோட்டத்தை மாற்றாமல் விட்டால் டோஸ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். மின்னோட்டத்தை ஓரளவு ஏற்றிக்கொண்டாலும் லாபம் மிஞ்சும். அதைவிடப் பெரிய லாபம் கான்ட்ராஸ்ட் மருந்தில் உள்ள அயோடினில். அயோடின் 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே எக்ஸ்ரேயை மிக வலுவாக உறிஞ்சுகிறது. மின்னழுத்தம் குறையக் குறையக் கதிரின் சராசரி ஆற்றல் அந்த எல்லையை நெருங்குகிறது. அதே கான்ட்ராஸ்ட் இன்னும் பளிச்சென்று தெரியும். ஆகவே கான்ட்ராஸ்டைக் குறைத்தோம்: பழைய ஸ்கேனில் 80 மி.லி.; இப்போது 50 மி.லி. வடிகட்டும் திறன் 53 என்பது கான்ட்ராஸ்ட் தரக்கூடாத நிலை அல்ல. 30-க்குக் கீழே போனால்தான் பெருங்கவலை. ஆனாலும் டாக்ரோலிமஸ் நாள்தோறும் தேய்த்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் வரும் சுமை இது.

தமனியில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் மதிப்பெண்ணுக்கான தனி ஸ்கேனை எடுக்கவில்லை. மாற்று இதய நோயில் சுவர் தடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு படியாமலே நடக்கிறது. மதிப்பெண் பூஜ்யம் என்றாலும் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. விடை எதுவானாலும் சிகிச்சையை மாற்றாத ஸ்கேனை, வழக்கமான பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.

நைட்ரோகிளிசரின் நாக்கின் கீழ் கொடுத்தோம். தமனி விரிந்தால்தான் கிளைகளைப் படிக்க முடியும். ரத்த அழுத்தம் தாழும்போது வேகமெடுத்து ஈடுகட்டும் வழி இந்த இதயத்துக்கு இல்லை. அதனால் ஸ்கேன் முடிந்ததும் அவரை உடனே எழவிடாமல் பத்து நிமிடம் படுக்கவைத்தோம்.

முடிவும் படத்தின் தரமும்

டி.எல்.பி. 110. முந்தையதில் ஒன்பதில் ஒரு பங்கு. 0.014-ஆல் பெருக்கினால் 1.5 மில்லிசீவர்ட், 0.026 என்றால் 2.9.

படம் அழகாக இல்லை என்பதை மறைக்கமாட்டேன். முந்தையதில் மகாதமனியின் இரைச்சல், சி.டி.யில் ஒளிர்வை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 22; இதில் 34. திரையைத் திறந்தவுடன் மணல்தான் கண்ணில் படுகிறது. ஆனால் மகாதமனியின் ஒளிர்வு 380-லிருந்து 520-க்கு ஏறியிருந்தது. தமனிக்கும் அதைச் சுற்றிய கொழுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இரைச்சலால் வகுத்துப் பார்த்தால் முன்பு ஏறத்தாழ 22, இப்போது 18. ஒன்பது மடங்கு டோஸ் குறைந்ததற்கு இழந்தது இவ்வளவே. வலது தமனி தொடக்கம் முதல் பின்கிளை வரை ஒற்றைக் கோடாக, கூர்மையாகத் தெரிந்தது.

எடுத்த தரவிலிருந்து படத்தை உருவாக்கும் மறுகட்டமைப்பில் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. இரைச்சலைத் துடைக்கும் கணக்கீட்டு முறையை உச்ச அளவுக்கு ஏற்றினால் படம் பழைய ஸ்கேனைப் போலவே வழவழப்பாகிவிடும், பார்க்கிறவருக்கு மனநிறைவு. ஆனால் இங்கே தேடுவது தமனிச் சுவரின் மெல்லிய தடிப்பை. கொழுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் விளிம்பு அது. அளவுக்கு மீறித் துடைத்தால் மணலோடு விளிம்பும் போய்விடும். நடுத்தர அளவில் நிறுத்தினோம். குழாய் குறுகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் இன்னும் துடைத்திருக்கலாம். சுவரைப் பற்றிக் கேட்டதால் மணலோடு வாழ்வது மேல்.

கண்டது: இடது முன் இறங்கு தமனியின் நடுப்பகுதியில் சுவர் சுற்றிலும் தடித்திருந்தது, குறுக்கம் 50 விழுக்காட்டை எட்டவில்லை. வலது தமனியின் நடுவில் ஏறத்தாழ 30 விழுக்காடு. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கடைக் கிளைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று அறிக்கையில் தனி வரியாக எழுதினேன். சி.டி.யின் எல்லை அது. டோஸை ஏற்றியும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. நோயின் தொடக்கம் என்ற நிலையில், இதய மருத்துவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினை உறுதிப்படுத்தி, மைக்கோபினோலேட்டுக்குப் பதில் எவரோலிமஸுக்கு மாற்றுவது பற்றி நோயாளியோடு பேசினார். இந்த முறை ஆஞ்சியோகிராம் தேவைப்படவில்லை.

மறுபக்கம்

இதைப் படித்துவிட்டு எல்லோருக்கும் 80 கிலோவோல்ட் என்று எழுதிவைத்துவிடக் கூடாது. ஸ்டீராய்டால் எடை 96 கிலோவான ஒரு மாற்று இதய நோயாளிக்கு, குறைந்த டோஸின் மீதிருந்த ஆர்வத்தில் நானே 80-ஐத் தேர்ந்தெடுத்தேன். மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டும் போதவில்லை. மகாதமனி தெரிந்தது, பக்கவாட்டுத் தமனியின் பின்பாதி இரைச்சலில் கரைந்துபோனது. அவர் கேத் லேபுக்குப் போனார். டி.எல்.பி. சிறியதாக இருந்தது, ஆனால் அந்த முழு டோஸும் வீண்; கூடவே கான்ட்ராஸ்டும் வீண். 100 கிலோவோல்ட்டில் எடுத்திருந்தால் ஒரே முறையில் முடிந்திருக்கும். படிக்க முடியாத குறைந்த டோஸ் ஸ்கேனும், அந்த 980 ஸ்கேனும் நோயாளிக்குச் செய்த தீங்கில் ஒரே இனம்.

மையத்துக்கு மையம் இந்த முடிவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு, இதய சி.டி. டோஸைப் பல மையங்களில் அளந்த புரொடெக்‌ஷன் ஆய்வுகள் சாட்சி. 2007-இல் 50 மையங்களில் இதய சி.டி.யின் இடைநிலை டி.எல்.பி. 885. 2017-இல் 32 நாடுகளின் 61 மருத்துவமனைகளில் அது 195. பத்தாண்டுகளில் 78 விழுக்காடு இறக்கம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே 2017-இல் ஒரு மையத்தின் இடைநிலை 57, இன்னொன்றின் இடைநிலை 2090. நோயாளிகளின் உடல்வாகு இவ்வளவு வேறுபட வாய்ப்பில்லை. இயந்திரத்தின் வயது ஒரு பகுதியை விளக்கும். மீதி, மேசையருகே நிற்கிறவர்களின் பழக்கம். அந்த மூத்த தொழில்நுட்பரிடம் பிறகு இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் வலது தமனியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேன் எடுக்கும் முறைகளைக் குறிக்கும் ஏட்டில் மாற்று இதயத்துக்கென்று ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

நோயாளியின் துணிப்பைக்குள் இப்போது ஒரு தாள் கூடுதலாக இருக்கிறது. அடுத்த ஆண்டு எங்கே எடுத்தாலும் காட்டுமாறு சொல்லிக் கொடுத்தேன். அதில் இருப்பது: நாடி 94, சீரானது, மூச்சைப் பிடித்தாலும் மாறாது. பீட்டா தடுப்பான் வேண்டாம். டில்டியாசெம் வேண்டாம். 80 கிலோவோல்ட், எடை கூடினால் மறுபரிசீலனை. ஆர் அலைக்குப் பின் 220 முதல் 320 வரை. நீளம் 13 செ.மீ. கால்சியம் ஸ்கேன் தேவையில்லை. கான்ட்ராஸ்ட் 50 மி.லி. டி.எல்.பி. 110, வலது தமனி முழுவதும் படிக்க முடிந்தது.